ரெக்கார்டருக்குப் பொட்டு வைத்த நாள்

இசை ஆசிரியராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கொஞ்ச நாளில் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். எனக்கு வந்தது ‘பீப்பி டீச்சர்’. நல்லம்பள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம் நானே அந்தப் பெயரைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தேன். கேலி செய்தவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது.

பீப்பி என்று அவர்கள் சொன்னது ரெக்கார்டரை. பேச்சைப் பதிவு செய்கிற பெட்டி இல்லை. நுனியில் வாய் வைத்து, நாகஸ்வரம் மாதிரி நேராகக் கீழே பிடித்து ஊதுகிற சின்னக் குழல். புல்லாங்குழலில் சத்தம் வரவைக்கவே பிள்ளைகள் தலை சுற்ற ஊத வேண்டும். ரெக்கார்டரில் முதல் ஊதலிலேயே சத்தம் வந்துவிடும். அதனால்தான் எல்லாரும் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். சத்தம் வருவது வேறு, பாட்டு வருவது வேறு என்று விளக்கி விளக்கியே நான் ஓய்வு பெற்றேன்.

எந்த விரலை எந்த ஓட்டையில் வைப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வத்தல்மலைப் பள்ளியில் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து குழலைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிடுங்க விடக்கூடாது என்று நான் நின்றேன். எப்படி நின்றேன், எங்கே தடுமாறினேன் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு உபயோகப்படும்.

அந்தப் பள்ளிக்கு நான் வாரத்தில் ஒரு நாள் போவேன். கீழே வெயில் கொளுத்தினாலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். அந்த ஊரில் பிறந்து வெளியூரில் நன்றாகச் சம்பாதித்த ஒருவர், பள்ளிக்கு வாத்தியம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் ரெக்கார்டர் கேட்டேன். அவரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மனதில் ஒரு படம் இருந்தது. பாலிஷ் போட்ட மரக் குழல், வெல்வெட் வைத்த பெட்டி, பக்கத்தில் பிள்ளைகளோடு அவர் நிற்கும் போட்டோ. தலைமை ஆசிரியருக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது.

மரம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரில் ஒரு பயல் மதிப்பானா, பிளாஸ்டிக் சாமான் கொடுத்தான் என்றல்லவா பேசுவார்கள் என்றார். நான் விடவில்லை. நல்ல மரக் குழல் ராஜா மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ராஜா மாதிரியே வைத்துக்கொள்ளவும் வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும், பொறுமையாக உலர்த்த வேண்டும், ஈரத்தில் ஊறினால் உள்ளே இருக்கும் கட்டை உப்பிக் காற்று போகும் வழியே அடைத்துக்கொள்ளும். அந்தப் பள்ளியில் பீரோவுக்குள் வைத்த சாக்பீஸே ஈரத்தில் நமுத்துப்போகும். அங்கே மரக் குழலை வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

“ஊரு பேசுனா பேசட்டுங்க. பிள்ளைங்க ஊதோணும், அதுதான முக்கியம்” என்றேன். மனசில்லாமல்தான் சம்மதித்தார்.

வாங்குவதற்குச் சேலத்துக்கு என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரெக்கார்டரில் எனக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. தர்மபுரியில் சர்ச் பாட்டுக் குழுவை நடத்துகிறவள், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், வாய் மட்டும் ரொம்பப் பெரிசு. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள் என்பதால் தோழி என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு கோணியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் குழல்களைக் கொட்டினார். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒரே துண்டாக வார்த்த குழலைக் கழற்றித் துடைக்க முடியாது, துடைக்க முடியாததை வாயில் வைக்கக் கூடாது என்றாள். மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதைக் கேட்டு வாங்கினாள்.

அப்புறம் ஒவ்வொன்றிலும் எல்லா ஓட்டையையும் மூடி, அடிச் சுரத்தை மட்டும் ஊதிப் பார்த்தாள். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஊதுகிற மாதிரி ஊதினாள். “மெதுவா ஊதுனாலே பேசோணும் டீச்சர். அதட்டுனாத்தான் பேசும்னா அது நமக்கு வேணாம்” என்றாள். இதை நான் குழல் வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பல தலைமை ஆசிரியர்களை இதே சோதனையில்தான் எடைபோட்டேன்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மேலிருந்து எண்ணினால் நாலாவது ஓட்டை, ஐந்தாவதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். மாறி இருந்தால் அது ஜெர்மன் விரல்முறைக் குழல். கடையில் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குச் சுலபம் என்பார்கள். ஒரு கட்டை சுருதியில் சுத்த மத்தியமம் அதில் சுலபமாகத்தான் வரும். கல்யாணிக்கு வேண்டிய பிரதி மத்தியமத்தைத் தொட்டதும் அழும். கல்யாணி ராகம் வாசிக்கவே முடியாத குழலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஞானம் இல்லை என்று சொல்லும் வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன். மலைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். போதாது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். அதில் ராஜகுமாரி என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு. பேச்சு அதிகம் இல்லை, குழலை எடுத்தால் மட்டும் நிறுத்த மாட்டாள். ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போதுகூட வாசிப்பாள் என்று மற்ற பிள்ளைகள் சொல்வார்கள். எந்தச் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு நான் இரண்டாவது முறை சொன்னதாக ஞாபகம் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் காலையில், மேற்பார்வை பார்க்கும் அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்தார். மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்து நின்றுகொண்டிருந்தது. இரும்பு பீரோவிலிருந்து அப்போதுதான் குழல்களை எடுத்தோம், தொட்டால் ஐஸ். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்குள், ஊதச் சொல்லுங்கள், எனக்கு நேரமில்லை என்றார். பிள்ளைகள் ஊதினார்கள். முதல் அடி நன்றாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு குழலாகக் களகளவென்று கொப்பளித்து அடங்கிப்போனது. ராஜகுமாரியின் குழலிலிருந்து தண்ணீர் சொட்டி, அவர் செருப்பின் பக்கத்தில் விழுந்தது.

அவர் காலை இழுத்துக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“ஒரே எச்சிலா ஒழுகுது. இதுங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? கீழ ஏதாச்சும் ஸ்கூலுக்குக் குடுத்தா பிரயோஜனமா இருக்கும்” என்றார்.

ராஜகுமாரி குனிந்து தன் பாவாடை நுனியால் தரையைத் துடைத்தாள்.

நம் ஊரில் எச்சில் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் குடித்த டம்ளரை யார் தொடலாம் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அவர் குழலைப் பற்றிப் பேசவில்லை, பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அதனால் நானும் குழலைப் பற்றி மட்டும் பேசவில்லை. தலைமை ஆசிரியர் அவருக்குக் கொடுத்த டீயின் ஆவி அவருடைய கண்ணாடியில் படிந்திருந்தது. “உங்க கண்ணாடியில படிஞ்சிருக்கறதும் எச்சிலாங்க சார்?” என்று கேட்டேன். நம் மூச்சு சூடு, குழல் குளிர்ச்சி. சூடான மூச்சு குளிர்ந்த குழலில் பட்டால் தண்ணீராகும். கலெக்டர் ஊதினாலும் ஆகும் என்றேன். தலைமை ஆசிரியர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

அதிகாரி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாவட்டக் கலைப் போட்டியில் பார்ப்போம், அங்கேயும் இதே கதை என்றால் குழல்களைக் கீழே எடுத்துக்கொண்டு போய்விடுவோம், வேறு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வாரம் நான் போனபோது ராஜகுமாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தாள். ஏன் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த பெண்தான் சொன்னாள், “யார் மேலயாவது தெறிச்சிடும்னு பயப்படுறா டீச்சர்” என்று. போட்டியில் ஜெயிப்பது, தோற்பது, குழல் போவது, இருப்பது எல்லாம் எனக்கு அந்த நிமிஷம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. இந்தப் பெண் திரும்பி நிற்க வேண்டும், ஊரைப் பார்த்து ஊத வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று முடிவெடுத்தேன்.

கோபத்தால் ஈரம் காயாது. அதனால் வேலையைப் பார்த்தோம். வாசிப்பதற்கு முன்னால் குழலின் தலைப் பகுதியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். உடம்புச் சூட்டுக்குக் குழல் வந்துவிட்டால் பாதித் தண்ணீர் வராது. மீதியும் வரத்தான் செய்யும். வந்தால், பாட்டில் மூச்சு எடுக்கும் இடத்தில் வாயை எடுக்காமல் சர்ரென்று உள்ளே உறிஞ்ச வேண்டும். நேரமிருந்தால் வாய்க்குக் கீழே இருக்கும் சதுர ஓட்டையை விரலால் லேசாகப் பொத்திக்கொண்டு ஒரே ஊதாக ஊதித் தள்ள வேண்டும். அந்த ஓட்டையை நாங்கள் ஜன்னல் என்போம். ஜன்னலின் கீழ் விளிம்பில்தான் காற்று மோதிச் சத்தமாகிறது. குழலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அங்கே விளக்குமாற்றுக் குச்சி, ஊக்கு, பென்சில் எதுவும் போகக் கூடாது. அடுப்போரம் வைத்துக் காய வைப்பதும், தகரக் கூரையில் வெயிலுக்கு வைப்பதும் கூடாது. ஒரு பையன் அப்படி வைத்து, அவன் குழல் வெள்ளரிக்காய் மாதிரி வளைந்துபோனது.

தோழி சொன்ன சோப்பு வைத்தியமும் உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் ஒரு துளி கரைத்து, காற்றுப் பாதையில் ஓடவிட்டு, அலசாமல், துடைக்காமல் அப்படியே ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். அப்புறம் மூச்சுத் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு வழியை அடைக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். கட்டாயம் காய வேண்டும் என்பாள். போட்டியன்று புதிதாக எதையும் செய்யாதே என்பதும் அவள் போட்ட சட்டம்தான். இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சொல்லிக் கொடுத்தும் ராஜகுமாரி சுவரைவிட்டுத் திரும்பவில்லை. வாசிப்பு மட்டும் நாளுக்கு நாள் மெருகேறியது. கல்யாணியில் நான் அமைத்த ஒரு சின்ன மெட்டு அவள் வாசிக்கும்போது என்னுடையதா என்று எனக்கே சந்தேகம் வரும்.

போட்டி தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏ.சி. போட்ட மண்டபம். நான் கீழேயிருந்து நேராகப் போய்விட்டேன். தலைமை ஆசிரியர் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தார். நல்ல மனிதர் அவர், அதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் ஒரு பெருமிதம்.

“எல்லாம் ஜம்முனு நடக்கும் டீச்சர். காலையிலயே பூஜை போட்டுட்டேன்” என்றார்.

குழல் பையைத் திறந்தேன். ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் டிராக்டருக்கும் வைப்பது மாதிரி, ஒவ்வொரு குழலுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தார். எங்கே வைத்திருந்தார் என்றால், சரியாக ஜன்னலில். அது ஒன்றுதான் பார்ப்பதற்குப் பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருக்கிறது, அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. சந்தனம் உள்ளே இறங்கி, மலைப்பாதைக் காற்றில் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. ஒன்றை எடுத்து ஊதினேன். புஸ் என்றது.

“சாமி கும்புட்டது தப்புங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

“கும்புட்டது தப்பில்லீங்க சார். பொட்டு நெத்தியில வெக்கறது. நீங்க மூக்குல வெச்சிட்டீங்க” என்றேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டே பள்ளிகள்தான் பாக்கி. தலைமை ஆசிரியர் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சுரண்டப் போனார். கையிலிருந்து பிடுங்கிப் போட்டேன். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் குழல் அதோடு முடிந்தது. சத்தம் கேட்டு விழா ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இதற்கா இவ்வளவு கவலை, எந்தப் பாட்டானாலும் போனில் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன், பிள்ளைகள் விரலை மட்டும் ஆட்டட்டும், போன தடவை ஜெயித்தவர்களே அப்படித்தான் செய்தார்கள் என்றார். தலைமை ஆசிரியர் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். முன்வரிசையில் அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஊதிக் கெட்டால் குழல் போய்விடும். ஊதுவதுபோல் நடித்தால் ஒருவேளை பிழைக்கும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. மற்ற நாளெல்லாம் யார் வேண்டுமானாலும் வாத்தியாராக இருக்கலாம். நான் ராஜகுமாரியைப் பார்த்தேன். அவள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை மேடையில் நிறுத்திச் சும்மா விரலை ஆட்டச் சொன்னால், உன் மூச்சு இந்த மண்டபத்துக்கு ஆகாது என்று அந்த அதிகாரி சொன்னதை நானும் சொன்ன மாதிரி ஆகிவிடும். குழலைக் காப்பாற்றிவிட்டுப் பிள்ளையை விட்டுவிடுவேன். அதற்குக் குழல் போனாலே தேவலை.

“போனை உள்ள வைங்க. என் பிள்ளைங்க ஊதுவாங்க. வர்றது வரட்டும்” என்றேன்.

மண்டபத்தின் பின்னால் பந்திக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். சமையல்காரம்மாவிடம் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு குண்டானில் வாங்கி, குழல்களின் தலைப் பகுதியை மட்டும் கழற்றி முக்கினோம். கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வந்தார், தடுத்தேன். சந்தனம் மெல்ல இளகி வந்தது. மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து ஒரு பையன் ஆரத்தி மாதிரி இருக்கிறது என்றான். யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன். இப்போது வேறு சிக்கல். குழல் முழுக்க ஈரம். ஏ.சி. குளிரில் போய் நின்றால் மார்கழிக் காலையைவிட மோசமாகக் கொப்பளிக்கும். சோப்பு போட்டால் காய வேண்டும், காய நேரமில்லை. போட்டியன்று புதிதாக எதையும் செய்யாதே என்ற தோழியின் சட்டம் வேறு காதில் ஓடியது.

சட்டத்தை மீறினேன். சட்டம் எதற்காகப் போட்டது என்று யோசித்துப் பார்த்தால் மீற வேண்டிய இடம் தெரியும். தெரிந்த வழி திறந்திருக்கும்போது புது வழியில் போகாதே என்பதுதான் அவள் சொன்னது. எங்களுக்குத் தெரிந்த வழி சந்தனத்தில் அடைபட்டுப் போயிருந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஒரு துளி கரைத்து எல்லாக் குழலிலும் ஓடவிட்டு, ஓங்கி உதறாமல் மெதுவாகத் தட்டி வடித்து, அக்குளில் வைக்கச் சொன்னேன். பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் கையை இடுக்கிக்கொண்டே பிள்ளைகள் வரிசையாக மேடை ஏறினார்கள். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

மேடைக்குக் கீழே, பிள்ளைகளுக்குத் தெரிகிற இடத்தில் நான் நின்றேன். ஆரம்பிக்கலாம் என்று மணி அடித்தார்கள். நான் தலையை அசைக்கவில்லை. இன்னும் சூடேற வேண்டும். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பாயிற்று, பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். ஏற்பாட்டாளர் கையைக் காட்டிக்காட்டி அவசரப்படுத்தினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன், ஒன்றுமே செய்யாமல் நிற்பதைப் போலக் கஷ்டமானது எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அவசரப்பட்டால் அவர்களும் பதறுவார்கள். போதும் என்று தோன்றியபோது தலையை அசைத்தேன். தலைப் பகுதியைக் குழலில் மாட்டினார்கள். ராஜகுமாரி பழக்கதோஷத்தில் பின்னால் இருந்த படுதாவைப் பார்த்துத் திரும்பப் போனாள்.

“என்னையப் பாரு சாமி” என்றேன். வாய்விட்டே சொன்னேன். முன்வரிசைக்கும் கேட்டிருக்கும். அவள் பார்த்தாள்.

கல்யாணி எழும்பியது. கொஞ்சம் சோப்பு வாசனையோடு, கொஞ்சம் நடுக்கத்தோடு, ஆனால் சுத்தமாக எழும்பியது. பிரதி மத்தியமத்தில் எல்லாரும் ஒன்றாகப் போய் நின்றபோது, சேலத்துக் கடைக்காரரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். பாதியில் ராஜகுமாரியின் குழல் கொப்பளிக்க ஆரம்பித்தது. அவள் நிறுத்தவில்லை. வாயை எடுக்காமல் சர்ரென்று உள்ளே உறிஞ்சினாள். அந்தச் சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. விட்ட இடத்திலிருந்தே அடுத்த சுரத்தை எடுத்துத் தொடர்ந்தாள். முடிகிறவரை சபையைப் பார்த்தே நின்றாள். கடைசிச் சுரத்தில் அவள் குழல் நுனியிலிருந்து ஒரு சொட்டு மேடையில் விழுந்தது. அவள் குனிந்து துடைக்கவில்லை.

முதல் பரிசு எங்களுக்கு வரவில்லை. போனில் பாட்டுப் போட்டு விரலை ஆட்டிய ஒரு பள்ளிக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு டிபன் டப்பா கொடுத்தார்கள். குழல்கள் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்வார்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றுங்கள், நானும் கூட வருகிறேன், குழல் பை என் மடியில் இருக்கட்டும், வேண்டுமென்கிறவர்கள் என்னிடம் வந்து பிடுங்கிக்கொள்ளட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். மடியில் வேண்டாம் டீச்சர், என் தோளிலேயே மாட்டிக்கொள்கிறேன் என்று அவர் பையை வாங்கிக்கொண்டார். அந்த மனிதரிடம் அன்றைக்குத்தான் எனக்கு முழு மரியாதை வந்தது.

வேன் பக்கத்தில் அந்த அதிகாரி வந்தார். வாசிப்பு அவரை அசைத்திருக்க வேண்டும், முகம் வேறு மாதிரி இருந்தது. நல்லா இருந்ததும்மா, குழல் உங்களிடமே இருக்கட்டும் என்றார். தலைமை ஆசிரியர் கும்பிடு போட்டார். நான் போடவில்லை. ராஜகுமாரி கையில் மட்டும்தான் குழல் இருந்தது, பையில் போடாமல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் கையை நீட்டினார்.

“குடு பாப்பா, நானும் ஒருக்கா ஊதிப் பாக்கறேன்.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். ராஜகுமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மலையில் அந்தப் பனிக்காலையில் அவருடைய செருப்புப் பக்கத்தில் குனிந்த பெண் அவள்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு இருந்தது. குழலை மூன்று துண்டாகக் கழற்றி, துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேணாங்க சார்” என்றாள், ரொம்ப மரியாதையாக. “உங்க எச்சில் பட்டுடுமுங்க.”